வீடும் வேண்டும், விதியும் வேண்டும்



நம்மவர் பால்மரம் சீவிய புக்கிட் கியாரா தோட்டம் இன்று கோலாலம்பூர் நகருள் அடங்கிவிட்டது. 1980களில் அங்கிருந்து பெயர்க்கப்பட்டோர், நீண்ட வீடுகளில் நிரந்தர இல்லத்திற்காகக் காத்திருந்தனர். அருகிலுள்ள ரிம்பா கியாரா பூங்காவில் அவர்களுக்கான வீடுகளோடு வானுயர் அடுக்ககங்களும் எழுப்ப 2017இல் மாநகர் மன்றம் அனுமதி வழங்கியது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்காடினர். உயர்நீதிமன்றத்தில் தோற்று, 2021இல் மேல்முறையீட்டில் வென்றனர். 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றமும் அவ்வனுமதி செல்லாதென்றது. அனுமதி அளிப்போர் காரணம் கூறவேண்டும். பாதிக்கப்படுவோர் சொல்லையும் கேட்கவேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

நீண்ட வீட்டாரின் தேவை நியாயமானதே. எனினும் நியாயமான தேவைக்கும் நேர்வழியே வேண்டும். வழி தவறினால் காத்திருப்பே நீளும்.

ஒப்புதலின்றிக் கட்டடம் எழுப்புவதை 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் தடுக்கிறது. குறிப்பிட்ட பெருந்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை கட்டாயம். முறைகேடு கண்டால் ஊராட்சி மன்றத்திற்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் எழுத்தில் முறையிட்டு, நகலைக் காத்து வைப்போம். அதிகாரிகளின் முடிவை எதிர்த்து நீதிமன்றச் சீராய்வு கோர மூன்று மாதமே தவணை. ஆகவே காலந்தாழ்த்தாது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை ஒன்றுபட்டு நாடுவோமாக!