வனுவாட்டுவில் மாணவர்கள் கேட்ட கேள்வி



பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, வனுவாட்டு என்றொரு நாடு. எண்பதுக்கு மேற்பட்ட தீவுகள். மக்கள்தொகை ஏறக்குறைய 3 லட்சம். 2023 மார்ச் முதல் வாரத்தில் ஜூடி, கெவின் என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அங்கே வீசின. முதல் புயலில் போன கூரையைச் சரிசெய்வதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் அந்த நாடு விடும் பங்கோ, கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

அதன் தலைநகர் போர்ட் விலா. அங்குள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் 2019-ல் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், உலகின் மிக உயர்ந்த நீதிமன்றத்திடமே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். பசிபிக் நாட்டுத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு நாடு விடும் புகையால் இன்னொரு நாடு அழிந்தால், சட்டம் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது? இதுதான் அவர்கள் கேள்வி.

வனுவாட்டு அரசு அதைத் தன் கேள்வியாகவே ஏற்றுக்கொண்டது. 2023 மார்ச் 29. புயல்கள் ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐ.நா. பொதுச்சபை, எந்த நாட்டின் எதிர்ப்பும் இல்லாமல், அந்தக் கேள்வியைத் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தது.

இங்கே ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். கனடாவில் டிரெய்ல் என்னும் ஊரில் ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலை ஒன்று. அதன் கந்தகப் புகை எல்லை தாண்டிப்போய், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து விவசாயிகளின் பயிரைக் கருக்கியது. வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போனது. அடுத்த நாட்டுக்குப் பெருங்கேடு வரும்படி தன் மண்ணைப் பயன்படுத்திக்கொள்ள எந்த நாட்டுக்கும் உரிமை கிடையாது என்று 1941-ல் தீர்ப்பு வந்தது. சுற்றுச்சூழல் பற்றிய சர்வதேசச் சட்டத்துக்கு அதுதான் வேர்.

ஆனால் டிரெய்லில் ஆலை ஒன்று, புகை எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்க்கலாம். வானில் கலந்த கரியமில வாயுவில் எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? பணக்கார நாடுகள் பல ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பின்னால் நின்றுகொண்டன. 2024 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில் 96 நாடுகள் பேசின. அமெரிக்கா, சீனா, சவுதி அரேபியா போன்ற நாடுகளின் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பருவநிலை பற்றிய பாரிஸ் உடன்படிக்கை இருக்கிறது, அதற்கு மேல் எங்களைக் கட்டுப்படுத்தாதீர்கள்.

2025 ஜூலை 23 அன்று 15 நீதிபதிகளும் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள். அந்த வாதம் நிற்கவில்லை. உடன்படிக்கைகளுக்கு அப்பாலும், பிற நாடுகளுக்குப் பெருங்கேடு நேராமல் தடுக்கும் கடமை எல்லா நாடுகளுக்கும் உண்டு. உடன்படிக்கையை விட்டு வெளியேறினாலும் அந்தக் கடமை விடாது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எடுக்க உரிமம் கொடுப்பதும் மானியம் தருவதும்கூடச் சட்டமீறல் ஆகலாம். யார் எவ்வளவு வாயுவை விட்டார்கள் என்பதை அறிவியலால் கணக்கிட முடியும். ஆகவே ஒவ்வொரு நாட்டின் பொறுப்பையும் தனித்தனியே நிறுவலாம். மீறிய நாடு மீறலை நிறுத்த வேண்டும். பாதிப்புக்கும் மீறலுக்கும் உள்ள தொடர்பு நிரூபணமானால் இழப்பீடும் தர வேண்டும்.

இதுவரை தீவு நாடுகள் நிவாரணம் கேட்டு நின்றன. இனி உரிமை கேட்டு நிற்கலாம். எனக்கு நீதிமன்றத்தின் இந்தக் கருத்துரையில் மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

இது ஆலோசனைக் கருத்துதான். தீர்ப்பைப் போல எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் இனி எந்த நாட்டு நீதிமன்றத்தில் பருவநிலை வழக்கு நடந்தாலும் வழக்கறிஞர்கள் இதைக் கையில் எடுப்பார்கள்.

அந்த விசாரணையில் இந்தியாவும் பேசியது. நெடுங்காலமாகப் புகை விட்ட நாடுகளே அதிகம் சுமக்க வேண்டும் என்றது. அது முழு நியாயம். ஆனால் இருக்கிற உடன்படிக்கைகளுக்கு மேல் புதிய கடமைகள் வேண்டாம் என்றும் சொன்னது. ஒக்கி, கஜா புயல்களைக் கண்ட கரை நம்முடையது. அந்த இடத்தில் நாம் வனுவாட்டுவின் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கருத்துரையைத் தேடி எடுத்து முழுதாகப் படியுங்கள். அதைக் கேட்டு வாங்கியவர்கள், கேட்டபோது உங்களைப் போன்ற மாணவர்கள்தான்.