குதிரை வாங்கினால் போதுமா?



சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி என்.சி.சி.யில் குதிரைப் பிரிவு உண்டு. எந்தக் கல்லூரி அணியானாலும் கைதட்டல் சவாரி செய்கிறவருக்குத்தான். குளம்பு பார்த்து, தீனி அளந்து, சேணம் பூட்டிக் கொடுக்கிற உதவிப் பயிற்சியாளரை யாரும் கேட்பதில்லை.

அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? திருச்செந்தூர் போகும் வழியில் நீங்கள் கடக்கிற பழையகாயல்தான் சாட்சி. 13ஆம் நூற்றாண்டில் அங்கே ஹோர்முஸ், ஏடன் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. பாண்டிய மன்னர்கள் பொன் கொடுத்து வாங்கினார்கள். அப்போது இங்கே வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார்: ஒரு மன்னர் வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குவார், வருஷக் கடைசியில் 100கூட மிஞ்சாது. பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை. வேகவைத்த சோறும் இறைச்சியும் தீனியாகப் போட்டார்கள். குதிரை வைத்தியரை வியாபாரிகள் வரவே விடவில்லை. குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம்!

பேங்கில் லெட்ஜர் எழுதியவன் சொல்கிறேன்: அங்கே முதலுக்குப் பணம் இருந்தது, பராமரிப்புக்கு ஆள் இல்லை. நாமும் லிஃப்ட், ஜெனரேட்டர் வாங்கிவிட்டோம். அவற்றைப் பார்த்துக்கொள்கிற எலெக்ட்ரீஷியனின் சம்பள உயர்வு தீர்மானமாக உங்கள் முன் இருக்கிறது. யோசித்துக் கை தூக்குங்கள்.