மலைப்பாதையில் மின்சாரச் சைக்கிள்

எங்கள் விரிஞ்சிபுரத்துக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு மார்க்கபந்தீசுவரர் என்பது திருநாமம். வழித்துணை நாதர் என்று அதனைத் தமிழில் வழங்குவர். மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரம் நோக்கிச் சென்ற வணிகன் ஒருவனுக்குக் கள்வர் பயம் நீங்குமாறு இறைவனே காவலனாக உடன் சென்றான் என்பது இத்தலத்து வரலாறு. வழியை நடந்து கடந்தவன் வணிகனே. இறைவன் அவனுக்குத் துணையாக மட்டுமே வந்தான். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மின்சார மலைச் சைக்கிளின் இயல்பை ஒரே சொல்லில் விளக்க வேண்டுமானால், அதையும் ஒரு வழித்துணை என்றே சொல்லலாம்.

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையில் செல்லும் பெருஞ்சாலை பாலாற்றுச் சமவெளியை ஒட்டிச் செல்வது. தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்த இப்பகுதியில், வேலைக்குச் செல்வோருக்குச் சைக்கிள் நெடுநாள் உழைத்திருக்கிறது. சமதரையில் அதற்கு நிகரான எளிய வாகனம் வேறில்லை. ஆனால், சாலையை விட்டுத் தெற்கே திரும்பிச் சென்றால் ஜவ்வாது மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. மேற்கே சென்றால் ஏலகிரி. அங்கே சைக்கிளின் பெருமை குன்றிவிடுகிறது. சைக்கிளுக்குப் பகை தூரம் அன்று, மேடுதான்.

இந்தப் பகையை வெல்ல முதலில் பிறந்தது மலைச் சைக்கிள். தடித்த, ஆழமாகப் பள்ளம் வெட்டிய டயர்கள், அகன்ற கைப்பிடி, அதிர்ச்சியைத் தாங்கும் முன்கவை, பல கியர்கள், உறுதியான பிரேக்குகள் ஆகியவை இதன் உறுப்புகள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மரின் வட்டாரத்தில், 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கி விளையாடத் தொடங்கினர். 1976-ஆம் ஆண்டில் அங்கே ஒரு மண்சாலையில் பந்தயமும் நடத்தினர். இறக்கத்தில் பிரேக்குச் சூடேறி உள்ளிருக்கும் மசகு எரிந்து போகும். ஒவ்வொரு முறையும் அதை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே அச்சாலைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இவ்வீரர்கள் இறங்குவதற்குச் சைக்கிளை நம்பினார்களே தவிர, உச்சிக்குக் கொண்டு செல்ல அதைத் தள்ளிக்கொண்டோ சிறு லாரியில் ஏற்றிக்கொண்டோதான் போனார்கள். பின்னர்க் கியர்கள் சேர்ந்து ஏறுவது எளிதாயிற்று. ஆனாலும், ஏற்றம் என்பது வலிமையுள்ளவருக்கே உரியது என்ற நிலை மாறவில்லை.

மின்சாரத்தைச் சைக்கிளுக்குத் துணையாக்கும் எண்ணம் புதியதன்று. 1895-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான ஆக்டன் போல்ட்டன் என்பவர் பின்சக்கரத்தில் மோட்டார் பொருத்திய சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், அக்காலத்துப் பாட்டரி பெரிதும் கனமாக இருந்தது. 1993-இல் ஜப்பானின் யமஹா நிறுவனத்தார், மிதிப்பவரின் முயற்சிக்கு ஏற்பத் துணை செய்யும் மோட்டாரைச் சைக்கிளில் அமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பிறகு, எடை குறைந்த லித்தியம் அயனிப் பாட்டரி பரவியதும் மலைச் சைக்கிளிலும் இது இடம்பெற்றது. 2019-ஆம் ஆண்டு முதல் உலக மலைச் சைக்கிள் பந்தயங்களில் மின்சாரச் சைக்கிளுக்கெனத் தனிப் போட்டியே நடத்தப்படுகிறது.

இது வேலை செய்யும் முறையைச் சற்றுப் பார்ப்போம். மிதிகட்டையின் அச்சில் ஓர் உணர்கருவி இருக்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது கணந்தோறும் அளக்கிறது. அந்த அளவைக் கொண்டு மோட்டார் தன் பங்கைச் சேர்க்கிறது. கால் நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டினாலும் நின்றுவிடும். ஆகவே, இதனை மோட்டார் சைக்கிளோடு சேர்த்து எண்ணுவது சரியன்று. நமது நாட்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் இவ்வேறுபாட்டை ஒப்புக்கொள்கின்றன. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதன் துணை 25 கிலோமீட்டர் வேகத்தில் நின்றுபோவதாகவும் இருந்தால், அது மோட்டார் வாகனமாகக் கொள்ளப்படுவதில்லை; உரிமமும் பதிவும் வேண்டுவதில்லை. அதனினும் பெரிய மோட்டாரைப் பொருத்தினால் இச்சலுகை கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மோட்டாரைப் பொருத்தும் இடமும் முக்கியமானது. சக்கரத்தின் நடுவே அமைந்த மோட்டார் சமதரைக்குப் போதும். மலைக்கு, மிதிகட்டையின் அச்சில் அமைந்ததே சிறந்தது. ஏனெனில், அப்போது மோட்டாரின் சக்தியும் செயின் வழியாகக் கியர்களினூடே செல்கிறது. செங்குத்தான இடத்தில் சிறிய கியருக்கு மாற்றினால் காலுக்குக் கிடைக்கும் அதே நன்மை மோட்டாருக்கும் கிடைக்கிறது.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரம் ஏற வேண்டிய ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட ஏலகிரிச் சாலை ஏறத்தாழ அத்தகையது. ஏறுபவர் 65 கிலோ, சாதாரண மலைச் சைக்கிள் 15 கிலோ. ஆக 80 கிலோ. பயிற்சி இல்லாத ஒருவர் நெடுநேரம் இடைவிடாமல் கொடுக்கக்கூடிய திறன் சுமார் 100 வாட். இத்திறனைக் கொண்டு அந்த எடையை அவ்வுயரத்துக்கு ஏற்ற, சாலையின் உராய்வை விட்டுவிட்டாலும், 78 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் மூச்சிரைக்க மிதிக்க வேண்டும்.

மின்சாரச் சைக்கிளின் எடை 25 கிலோ என்று கொள்வோம். இப்போது மொத்தம் 90 கிலோ. ஆயினும், அவருடைய 100 வாட்டோடு மோட்டார் 150 வாட்டைச் சேர்க்கிறது. ஏறும் நேரம் 35 நிமிடமாகக் குறைகிறது. கூடுதலாகச் சுமந்த 10 கிலோவை ஈடுசெய்தும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இதற்குப் பாட்டரியிலிருந்து செலவாவது, வழியில் வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு. அரை யூனிட் கொள்ளும் பாட்டரி ஒன்றில் இது கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. கரடுமுரடான வழியில் மூன்றில் ஒரு பங்கே செலவானாலும் மீதி கையிருப்பாக நிற்கும்.

நேரம் குறைவது மட்டுமே இதன் நன்மை என்று எண்ண வேண்டா. கல்லும் மண்ணும் கலந்த ஏற்றத்தில், வேகம் மிகக் குறைந்தால் சைக்கிள் நிலைகொள்ளாமல் தள்ளாடும். கால் ஊன்ற நேரும். பாதிச் சரிவில் நின்றுவிட்டால் மறுபடி ஏறிப் புறப்படுவது பெரும்பாடு. இரண்டு வகைகளிலும் ஏறிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மின்சாரச் சைக்கிள் காட்டும் வேற்றுமை இந்த இடத்தில்தான் நன்றாகப் புலனாகிறது. முதல் இரண்டு மூன்று மிதிகளிலேயே துணை வந்து சேர்வதால், சக்கரம் நேராக ஓடுகிறது. களைப்பில் தலை கவிழாமல் எதிரே உள்ள கல்லையும் குழியையும் பார்த்துச் செலுத்த முடிகிறது. மேலும், வலிமையில் வேறுபட்டவர்கள் ஒன்றாகச் செல்லலாம். இருபது வயது மகனோடு அறுபது வயதுத் தந்தையும் உச்சியில் ஒரே நேரத்தில் போய்ச் சேரலாம். முழங்கால் வலியால் மலையை மறந்தவர்கள் மீண்டும் அதை நாடலாம்.

"மோட்டார் உழைத்தால் உடற்பயிற்சி ஏது?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், பழகிய மலைச் சைக்கிள் வீரர் 33 பேரை ஒரே பாதையில் இருவகைச் சைக்கிள்களிலும் செல்லவிட்டு அளந்தார்கள். மின்சாரச் சைக்கிளில் சென்றபோது அவர்களுடைய இதயத்துடிப்பு, சாதாரணச் சைக்கிளில் இருந்ததில் சுமார் 94 விழுக்காடாக இருந்தது. அவர்களுக்கோ உழைப்பு மிகக் குறைந்தது போலவே தோன்றியது. உடலுக்கு வேண்டிய பயிற்சி பெரும்பாலும் கிடைத்துவிட்டது; மனத்தை மிரட்டும் வேதனை மட்டும் தணிந்தது. வேதனைக்கு அஞ்சி வீட்டில் இருந்துவிடுபவருக்கு எந்தச் சைக்கிளாலும் பயன் இல்லை அல்லவா?

விளையாட்டைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. 2023 மே மாதத்தில், அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலைப் பகுதியில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை, நல்ல சாலை இல்லாமையால் உரிய காலத்தில் மருத்துவமனை சேர இயலாமல் உயிரிழந்தது. குழந்தையின் உடலைத் தாய் தன் கைகளில் ஏந்தி மலைப்பாதையில் நடந்து சென்ற செய்தியை நாம் அனைவரும் கேட்டோம். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் மலைத்தொடரில் நிகழ்ந்தது அது. அத்தகைய இடங்களுக்கு முதலில் வேண்டியது சாலை. ஆம்புலன்ஸ் செல்லத்தக்க சாலை. எந்தச் சைக்கிளும் அதற்கு ஈடாகாது.

ஆனால், சாலை வந்து சேரும் வரையிலும், வந்த பின்னுங்கூட, நாள்தோறும் மலையேற வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தடுப்பூசிப் பெட்டியோடு செல்லும் கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியர், தபால்காரர், கூலி வேலைக்கு இறங்கி மாலையில் ஏறுகிற மலைவாழ் மக்கள் ஆகியோரை நினைத்துப் பாருங்கள். செவிலியர் ஒருவர் ஓர் ஏற்றத்தில் முக்கால் மணி நேரம் மிச்சப்படுத்தினால், வாரத்துக்கு ஒருமுறை சென்ற குக்கிராமத்துக்கு இருமுறை செல்லலாம். கருவுற்ற பெண்ணின் வீங்கிய காலை, குழந்தையின் தணியாத காய்ச்சலை மூன்று நாள் முன்னதாகவே பார்த்துவிடலாம். அந்த மூன்று நாளில் ஓர் உயிர் அடங்கியிருக்கலாம். அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் இரண்டு மின்சார மலைச் சைக்கிள்களை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. கீழேயே மின்னேற்றிச் செல்லலாம்; மேலே மின்வசதியைத் தேட வேண்டியதில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதற்குறை விலை. சாதாரண மலைச் சைக்கிளைப் போல இருமடங்குக்கும் மேலே கொடுக்க நேரும். அடுத்தது எடை. வழியில் பாட்டரி தீர்ந்துவிட்டால், துணையாக வந்ததே சுமையாகி விடும். ஓடையைக் கடக்கத் தோளில் தூக்குவதும் கடினம். இறக்கத்தில் கூடுதல் எடை பிரேக்கைச் சோதிக்கும். ஆகவே நல்ல டிஸ்க் பிரேக் இன்றியமையாதது. பாட்டரிக்கு வெயில் ஆகாது. அக்கினி நட்சத்திரக் காலத்து வேலூர் வெயிலில் நிறுத்திவைத்து மின்னேற்றுவது தவறு. நிழலில், அதற்கென்று வந்த சார்ஜரைக் கொண்டே ஏற்ற வேண்டும். சாதாரணச் சைக்கிளைத் தெருமுனைக் கடையில் பழுதுபார்த்துவிடலாம். மின்சாரச் சைக்கிளுக்கு அதில் பயின்றவர் தேவை. 2021-இல் இராணிப்பேட்டையில் மின்சார ஸ்கூட்டர்த் தொழிற்சாலை தொடங்கப்பட்ட பின்பு இப்பக்கத்து இளைஞர்களுக்கு இத்தொழில் பழகி வருவது ஆறுதல் தருகிறது. சமதரையிலேயே செல்பவருக்கும், இளமையும் ஓய்வும் உடையவருக்கும், செலவை எண்ணிப் பார்ப்பவருக்கும் சாதாரணச் சைக்கிளே போதும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னும் ஒன்று. புதிய பொருள் ஒன்றைப் போற்றும்போது அதன் கழிவையும் எண்ணிப் பார்க்கும் கடமை மற்ற ஊராரைவிடப் பாலாற்றங்கரையாருக்கு அதிகம். தோல் தொழில் நமக்குச் சோறு போட்டது. அதன் கழிவுநீர் நம் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்புத் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கானோர் துன்புற்ற பிறகு கிடைத்த நீதி அது. பாட்டரியும் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். அதைக் குப்பையில் எறிந்தால் தீயும் நஞ்சுமாகத் திரும்பி வரும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், உற்பத்தியாளரே பழைய பாட்டரியைத் திரும்பப் பெற வழி செய்ய வேண்டும் என்கின்றன. வாங்கும்போதே, "பழையதை யாரிடம் ஒப்படைப்பது?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

முடிவாக நான் சொல்ல விரும்புவது இதுவே. சாதாரண மலைச் சைக்கிள் வலியவருக்கு மலையைக் கொடுத்தது. மின்சார மலைச் சைக்கிள் அம்மலையை முதியவருக்கும், நோயுற்றுத் தேறியவருக்கும், கடமையின் பொருட்டு நாள்தோறும் ஏற வேண்டியவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. அப்பங்கீடு நேர்மையாக நடைபெற வேண்டுமானால், அது செல்வர்களின் விடுமுறைப் பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடாமல், மலையடிவாரத்துச் செவிலியரின் கைக்கும் வந்து சேர வேண்டும்.