எஃப்.சி.க்கு முன்னால் எங்கே போவது? உள்ளூர்ப் பட்டறைக்கே!



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ரொம்ப அழகாகச் சொல்லிவிட்டுப் போனார். "எஃப்.சி. வேலைக்கு வண்டியைக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில்தான் விடணும். அங்கே ஏ.சி. ரூம் இருக்கு, சோபா இருக்கு, காபி இருக்கு, டி.வி. இருக்கு" என்றார். ஐயா, எஃப்.சி. வண்டிக்கா, உங்களுக்கா? (சிரிப்பு, கைதட்டல்)

நான் ஒரு பள்ளிக்கூட டீச்சர். எங்க வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையிலே அவர் ஏற்றிக்கொண்டு வருகிற பிள்ளைகள்தான் என் வகுப்பிலே உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டியின் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், பர்மிட், புகைச் சான்று, எஃப்.சி., எல்லாக் காகிதமும் என் பீரோவில்தான் இருக்கு. எங்க கல்யாண நாள் அவருக்கு மறந்துபோகும். எஃப்.சி. முடிகிற நாள் எனக்கு மறக்கவே மறக்காது. அதனால் இந்தத் தலைப்பிலே பேச எனக்கு ஒரு உரிமை இருக்குதுங்க ஐயா.

எஃப்.சி. என்றால் என்னமோ லாரிக்காரர் சமாச்சாரம் என்று முன்வரிசையிலே சில பேர் நினைக்கிறீங்க. அது என்னென்று ரெண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு ஓடுகிற எந்த வண்டியாக இருந்தாலும், ஆட்டோவோ பஸ்ஸோ லாரியோ, அது சாலையில் ஓடத் தகுதியானதுதான் என்று சான்று வேணும். எட்டு வயசு ஆகிற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். அந்தச் சான்று இல்லாவிட்டால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 56ஆவது பிரிவு என்ன சொல்லுது தெரியுமா? அந்த வண்டிக்குப் பதிவே இல்லாத மாதிரிதான் என்கிறது. நம்பர் போர்டு இருக்கும், வண்டி இருக்கும், ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது பதிவில்லாத வண்டி! சொந்தக் கார் வைத்திருக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் 15 வருஷம் முடிந்ததும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டித்தான் பதிவைப் புதுப்பிக்கணும். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம். (கைதட்டல்)

சரி, வண்டியைக் காட்டுறதுக்கு முன்னாலே அதைத் தயார் பண்ணணும். எங்கே விடுவது? அதுதான் இன்றைக்குக் கேள்வி.

எதிரணித் தலைவர் கேட்டார், "தெருமுனைப் பட்டறையிலே என்ன இருக்கு? ஒரு புளியமரம், ஒரு ஸ்பேனர் பெட்டி, கிரீஸ் பிடித்த ஒரு பையன்" என்று. ஐயா, கம்பெனி நமக்குக் கொடுக்கிறது சேசிஸ். சக்கரம், எஞ்சின், ரெண்டு நீளச் சட்டம், அவ்வளவுதான். அதுக்கு உடம்பு கட்டுகிறவன் யார்? லாரிக்கு நாமக்கல் பட்டறை, பஸ்ஸுக்குக் கரூர் பட்டறை. கட்டினவனுக்குத் தெரியாதா எங்கே துருப்பிடிக்கும், எங்கே விரிசல் விடும் என்று? கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு 1920இலே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்ட ஆரம்பித்தார். அவர் எந்தக் காலேஜில் மெக்கானிக் படித்தார்? வண்டியைத் தன் கையால் பிரித்துப் பிரித்து மாட்டிப் படித்தார். பட்டறை என்கிற வார்த்தையை இளக்காரமாகச் சொல்லாதீர்கள் தலைவரே. இந்தத் தமிழ்நாடு பட்டறையிலே உருவானதுங்க! (பலத்த கைதட்டல்)

இன்னொரு நண்பர் ஒரு பெரிய அஸ்திரத்தை எடுத்து விட்டார். "இனிமேல் எல்லாம் தானியங்கி சோதனை நிலையம்தான். பட்டறைக்கு என்ன வேலை?" என்றார். நல்ல கேள்வி, நான் மறைக்க விரும்பவில்லை. 2021இலே மத்திய அரசு அதற்கு விதிமுறை கொண்டுவந்தது. வண்டியை உருளை மேலே ஏற்றினால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரேக் எவ்வளவு பிடிக்குது, இடதும் வலதும் சமமாகப் பிடிக்குதா என்று மிஷின் சொல்லிவிடும். ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுது, புகை எவ்வளவு, எல்லாம் மிஷின் பார்க்கும். நான் அதை வரவேற்கிறேன். மிஷினுக்குப் பங்காளியும் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரரும் கிடையாது. ஆனால் என் நண்பர் அந்த விதியிலே ஒரு வரியைப் படிக்காமல் விட்டுவிட்டார். அந்தச் சோதனை நிலையம் சோதனை மட்டும்தான் செய்யணும். ரிப்பேர் பண்ணக்கூடாது, ஸ்பேர் பார்ட்ஸும் விற்கக்கூடாது! அப்போ மிஷின், "பிரேக் சரியில்லை, ஃபெயில்" என்று ஒரு சீட்டை நீட்டினால் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நீங்க எங்கே போவீங்க? எங்க பட்டறைக்குத்தான் வருவீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

"வெளிநாட்டைப் பாருங்கள்" என்றும் சொன்னார். சரி, பார்ப்போம். இங்கிலாந்திலே எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை. 1960இலே ஆரம்பித்தார்கள். அப்போ பத்து வயசான வண்டிக்குத்தான். இப்போ கார் வாங்கி மூணு வருஷம் ஆனதும் முதல் சோதனை, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. அதை எங்கே செய்கிறார்கள்? நம்ம மாதிரி ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்திலே வரிசையில் நிற்கிறதில்லை. அங்கேயும் தெருமுனைப் பட்டறையிலேதான்! அரசாங்கம் அனுமதி கொடுத்த பட்டறை வாசலிலே நீலப் பலகை, அதிலே மூணு வெள்ளை முக்கோணம். அதைப் பார்த்தால் உள்ளே போகலாம். காருக்கு அதிகபட்சம் 54.85 பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது. சோதனை நடக்கிறதை நின்று பார்க்கிற உரிமையும் உண்டு.

ஆனால் ஒரு சங்கடம் அங்கே உண்டு. சோதிக்கிறவனே ரிப்பேரும் பண்ணுகிறவன். "உங்க வண்டியிலே அது போச்சு, இது போச்சு" என்று சொன்னால் அவனுக்குத்தானே வருமானம்? அதனால் விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சில ஊர்களிலே உள்ளாட்சி நிர்வாகமே நடத்துகிற சோதனைக்கூடம் இருக்கு. அங்கே ரிப்பேர் வேலை எடுக்க மாட்டார்கள். அங்கே போய்க் காட்டி, குறை என்னவென்று தெரிந்துகொண்டு, அப்புறம் தங்களுக்குத் தெரிந்த பட்டறைக்குப் போகிறார்கள். ஆக சோதனை ஒரு இடம், நம்பிக்கையான பட்டறை ஒரு இடம். இங்கே நம்ம விதியும் அந்த வழிக்குத்தான் வந்திருக்கு.

எந்தப் பட்டறை என்று கேட்பீர்கள். எல்லாப் பட்டறையும் கோயில், எல்லா மெக்கானிக்கும் சாமி என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. சில இடத்திலே எஃப்.சி. வேலை என்றாலே, பெண் பார்க்க வருகிற அன்றைக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரிதான். ஓட்டையிலே பட்டி அடைத்து, மேலே பெயிண்ட் அடித்து, பக்கத்து வண்டி டயரைக் கழற்றி இதிலே மாட்டி, சாயங்காலம் திருப்பிக் கழற்றுவார்கள். மாப்பிள்ளைக்கு மோதிரம் இரவல் வாங்கிப் போட்ட கதை! (சிரிப்பு) "நீங்க கவலைப்படாதீங்க, ஆபீஸிலே நமக்கு ஆள் இருக்கு" என்று எந்தப் பட்டறைக்காரர் முதல் வார்த்தையிலே சொல்கிறாரோ, அங்கேயிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வெளியே வந்துவிடுங்கள்.

எங்க வீட்டுக்காரர் இந்தப் பட்டறையைக் கண்டுபிடித்த விதமே தனி. விளம்பரம் எதுவும் பார்க்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டிலும் வேன் ஸ்டாண்டிலும் போய் நின்று, "போன தடவை எஃப்.சி.க்கு எங்கே விட்டீங்க?" என்று கேட்கவில்லை. "எஃப்.சி. முடிந்து ஆறு மாசம் கழித்தும் வண்டி நல்லா இருந்ததா?" என்று கேட்டார். அந்த ரெண்டாவது கேள்விக்கு நாலு டிரைவர்கள் ஒரே பேரைச் சொன்னார்கள். அங்கே போனோம்.

அந்த மெக்கானிக் எங்களைப் பார்த்து, "என்ன வேலை செய்யணும்?" என்று கேட்கவே இல்லை. சாவியை வாங்கினார். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வந்தார். வந்து கேட்டார்: "அண்ணே, பிரேக் போட்டா இடது பக்கம் லேசா இழுக்குதே, எத்தனை நாளா?" எங்க வீட்டுக்காரர் அசந்துபோனார். மிஷின் உருளை மேலே ஏற்றிக் கண்டுபிடிக்கிறதை இவர் ஸ்டீயரிங்கிலே ரெண்டு விரலை வைத்துக் கண்டுபிடித்தார்! கழற்றிப் பார்த்தால் வலது சக்கரத்திலே ஆயில் சீல் போய் எண்ணெய் கசிந்து லைனிங் மேலே படிந்திருக்கு. அந்தப் பக்கம் பிடிக்கவில்லை, அதனால் வண்டி இந்தப் பக்கம் இழுக்குது. பழைய சீலையும் லைனிங்கையும் ஒரு பேப்பரிலே சுற்றி எங்க கையிலே கொடுத்தார். "எதுக்குங்க?" என்றேன். "மாத்தினேன்னு நான் சொன்னா நீங்க நம்பணுமே, அதுக்குத்தான் டீச்சர்" என்றார். அடுத்தது டயர். "டயரைக் காசு வச்சுப் பார்க்க வேண்டாம் டீச்சர், பள்ளத்துக்குள்ளே குட்டியா ஒரு மேடு இருக்கும், டயர் தேய்ஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா முடிஞ்சுது. 1.6 மில்லி மீட்டர்தான் கணக்கு" என்று எனக்கே பாடம் எடுத்தார். முன் டயர் ரெண்டையும் மாற்றச் சொன்னார். பின் டயர் இன்னும் ஒரு வருஷம் தாங்கும், வேண்டாம் என்றார். 'வேண்டாம்' என்று சொல்கிற மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள் ஐயா! (கைதட்டல்)

இதுக்கு மேலே ஒரு வேலை செய்தார். அதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

வண்டிக்குள்ளே ஏறி, சீட்டுக்கு அடியிலே இருக்கிற ரெக்சின் விரிப்பைத் தூக்கினார். ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, பிடியாலே தரைத் தகட்டை ஒவ்வொரு இடமாகத் தட்டினார். டங், டங், டங். பின் சீட்டுக்குக் கீழே வந்ததும் 'டப்' என்றது. அந்த இடத்திலே கத்தியை வைத்து அழுத்தினார். முனை உள்ளே இறங்கிவிட்டது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கு, கீழே மழைத்தண்ணி நின்று நின்று தகடு பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கு.

2012ஆம் வருஷம் ஜூலை மாசம் தாம்பரத்துக்குப் பக்கத்திலே முடிச்சூரிலே நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூட பஸ்ஸின் தரையிலே இருந்த ஓட்டை வழியாக, இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு குழந்தை சாலையிலே விழுந்து, அந்த இடத்திலேயே போய்விட்டது. அந்த பஸ் எஃப்.சி. வாங்கிய பஸ்தான். காகிதத்திலே ஒரு குறையும் இல்லை. அந்த வருஷமே பள்ளி வண்டிகளுக்கென்று தமிழ்நாட்டிலே தனி விதிகள் வந்தன. இப்போ வருஷா வருஷம் பள்ளி திறக்கிறதுக்கு முன்னாலே, மே மாசத்திலே, வண்டிகளையெல்லாம் மைதானத்திலே நிறுத்தி அதிகாரிகள் ஏறிப் பார்க்கிறார்கள்.

நான் இரண்டாம் வகுப்பு டீச்சருங்க. ஏழு வயசுப் பிள்ளை வேனிலே எப்படி உட்காரும் என்று எனக்குத் தெரியும். உட்காரவே உட்காராது! எழுந்து நிற்கும், பின் சீட்டுக்கு ஓடும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தரை மேலேதான் குதிக்கும்.

கம்பெனி சர்வீஸ் நிலையத்திலே ஒரு அச்சடித்த பட்டியல் இருக்கு, அதை வைத்து டிக் அடிப்பார்கள். உருளை மிஷின் பிரேக்கைச் சொல்லும், தரைத் தகட்டைச் சொல்லாது. அதை யாராவது ஒரு மனுஷன் முட்டி போட்டுக் குனிந்துதான் பார்க்கணும். குனிகிறதுக்கு அந்த ஆளுக்கு ஒரு காரணம் வேணும். எங்க மெக்கானிக்குக் காரணம் இருந்தது. அவர் பேத்தி எங்க வேனிலேதான் வருகிறாள்! (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர் இப்போ துண்டுச் சீட்டிலே என்னமோ எழுதுகிறார். "பில் கிடையாதே, ஒரிஜினல் பார்ட்ஸ் கிடையாதே" என்று கேட்கப்போகிறார். பார்ட்ஸை நாமே கம்பெனி டீலர் கடையிலே பில்லோடு வாங்கிக் கொடுக்கலாம். எங்க மெக்கானிக் அப்படித்தான் வாங்கிவரச் சொல்வார். கூலிக்கு நோட்டிலே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். ஒரு மாசம் முன்னாடியே வண்டியைக் கொண்டு வாங்க என்பார். எஃப்.சி.க்கு நாலு நாள் இருக்கும்போது கொண்டுபோனால் திட்டித்தான் அனுப்புவார். அவசரத்திலே பட்டிதான் பார்க்க முடியும், வெல்டிங் பண்ண முடியாது என்பது அவர் வாதம். எங்க வண்டித் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ண மூணு நாள் ஆனது. அந்த மூணு நாளும் நான் பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் பதில் சொன்னேன். ஒருத்தர்கூடக் கோபப்படவில்லை.

நடுவர் ஐயா மணியிலே கை வைத்துவிட்டார். இதோ முடித்துவிட்டேன் ஐயா. எதிரணித் தலைவர் காருக்கு வருகிற தை மாசத்தோடு 15 வருஷம் முடியுதாம், மேடைக்குப் பின்னால் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். பட்டறை விலாசம் வேணும் என்றால் கூச்சப்படாமல் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெயிண்டுக்கு முன்னாலே விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள் தலைவரே.

(பலத்த கைதட்டல்)