கதவுப் பெயிண்டில் விஷம்

(காட்டாங்குளத்தூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயக் கூலிகள் முன் ஆற்றிய உரை)



பொங்கல் வந்தால் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். சுண்ணாம்பில் ஈயமில்லை. ஆனால் பழைய வீட்டுக் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் அடுக்கடுக்காய் ஏறிக் கிடக்கும் எண்ணெய்ப் பெயிண்ட் வேறு சங்கதி. நிறம் பளிச்சென்று நிற்கவும் சீக்கிரம் காயவும் அதில் ஈயத்தைக் கலந்தார்கள்.

ஒட்டிக் கிடக்கும்வரை அது சும்மா கிடக்கும். உரிந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், தூளாகிப் பறக்கும். தேய்க்கிற கூலித் தொழிலாளி அதைச் சுவாசிக்கிறார். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கிறது. வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு ஏற்கிறது. அது எலும்பில் தங்கும், இரத்தத்தைக் குறைக்கும், மூளையைக் கெடுக்கும். வெளியே தெரியாது. படிப்பு ஏறவில்லை என்று பிள்ளையை அடிக்கிறோம்!

2020-ல் யூனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் சுமார் 27 கோடிப் பிள்ளைகளின் இரத்தத்தில் அபாய அளவில் ஈயம் இருக்கிறது. பெயிண்ட் மட்டும் காரணமல்ல; பழைய பேட்டரி உருக்குவதும் பெரிய காரணம்.

இது தெரியாமல் நடந்ததா? இல்லை. 1904-லேயே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் டாக்டர் கிப்ஸன், வீட்டுத் தாழ்வாரப் பெயிண்டே குழந்தைகளுக்கு விஷமாகிறது என்று எழுதினார். 1921-ல் கட்டிடத்துக்குள் ஈய வெள்ளைப் பெயிண்டைத் தடுக்கும் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை வந்தது. நமது 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் முதலாவதாக இருந்ததே ஈயவிஷம்தான். ஆனால் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்ற விதி 2016-ல்தான் பிறந்தது. 2017 நவம்பர் 1-ல்தான் அமலாயிற்று. இத்தனை வருஷத் தாமதத்தில் லாபம் யாருக்கு? நோய் யாருக்கு?

அந்த விதியும் புது டப்பாவுக்குத்தான், பழைய கதவுக்கல்ல. ஆகவே நாமே விழிக்க வேண்டும். உலர்ந்த பெயிண்டைத் தேய்க்காதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள். பெயிண்ட் அடித்த பழைய பலகையை அடுப்பில் வைக்காதீர்கள். வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேண்டாம். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கை கழுவிய பிறகே சாப்பாடு. வேலைத் துணியைத் தனியே துவையுங்கள்.

இவை மட்டும் போதாது, தோழர்களே! வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் தம் செலவில் பழைய பெயிண்டைப் பத்திரமாக அகற்ற வேண்டும். பெயிண்டருக்குத் தூள் புகாத முகக்கவசத்தைக் கான்டிராக்டர் கொடுக்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் நம் பிள்ளைகளுக்கு ஈயப் பரிசோதனை இலவசமாக நடக்க வேண்டும். தனித்தனியே கேட்டால் காதில் விழாது. சங்கமாகச் சேர்ந்து கேட்போம்!