கருவாடும் கடல்வழி விருந்தும்

நுரைச்சோலையின் மணற்றோட்டங்களில் மிளகாய் பழுக்கிறது. கடற்கரையிலோ கருவாடு காய்கிறது. இவ்விரண்டையும் போர்த்துக்கல் நாட்டோடு இணைக்கும் கதை ஒன்று உண்டு.

மிளகாய் அமெரிக்க மண்ணிற் பிறந்த செடி. அதனைக் கீழ்த்திசைக்குக் கொணர்ந்தவை போர்த்துக்கேயர் கப்பல்கள். 1505இல் இலங்கைக்கு வந்த அவர்களின் ஆட்சி 1658இல் முடிந்தது. இடையில், 1626இல், தம் ஆட்சிப் பகுதிகளினின்றும் முஸ்லிம்களை வெளியேற்றவும் அவர்கள் துணிந்தனர். அக்கொடுமை வரலாற்றில் நிற்கிறது. அவர்கள் தந்த ‘பாண்’ என்னும் சொல் இந்நாட்டு மக்கள் நாவில் நிற்கிறது.

சிறு தட்டுகளில் வைத்துப் பலரும் பகிர்ந்துண்ணும் உணவைப் போர்த்துக்கேயர் ‘பெத்திஸ்கோ’ என்பர். அவற்றுள் இரண்டு சுவைத்துப் பார்க்கத் தக்கவை.

முதலாவது கருவாட்டுப் பொரியலுருண்டை. உப்பிட்டு உலர்த்திய கொட் மீனை நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பகற்றுவர். பின்னர் அவித்து உதிர்த்து, மசித்த உருளைக்கிழங்கும் முட்டையும் கூட்டி எண்ணெயிற் பொரிப்பர். நுரைச்சோலைக் கருவாட்டிலும் இதனைச் செய்யலாம். ஊர்ப் பச்சைமிளகாய் சிறிது சேர்ந்தால் சுவை மிகும்.

மற்றையது, போஞ்சிக்காயை மாக்கரைசலில் தோய்த்துப் பொரிப்பது. பொரித்த சிறுமீன் போலத் தோன்றுவதால் அதற்குத் ‘தோட்டத்துச் சிறுமீன்’ என்று பெயர்.

வாளோடு வந்தவர் அகன்றனர். மிளகாய் இம்மண்ணின் பிள்ளையாயிற்று. அன்னியர் அடுப்பிலிருந்து நல்லதைக் கொள்வது தாழ்வன்று. அதற்காக அவர் இழைத்த தீங்கை மறக்கவும் வேண்டுவதில்லை.