கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு

(மாதர் சங்கக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நாங்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறோம். வயிற்றோட்டம், செங்கமாரி வராமலிருக்க அது அவசியம்தான். விட்டுவிடாதீங்க. ஆனால் கொதிக்க வைத்தால் சாவது கிருமி. உரமும் புல்லு மருந்தும் கிருமி இல்லையே, சாவதற்கு! உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு, கொதிக்கக் கொதிக்கக் கூடத்தான் செய்யும். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு கேத்தலிலேயே நிற்கும்.

நம்ம பீலிக்குத் தண்ணீர் வருவது மலை ஊற்றிலிருந்து. ஊற்றுக்கு மேலே தேயிலை. அதற்கு யூரியா போடுகிறோம், புல்லுக்கு மருந்து அடிக்கிறோம். பெருமழை பெய்தால் எல்லாம் கான் வழியே இறங்கிவிடும். கண்ணால் பார்த்தோ ருசி பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கூடினால் முதலில் அடிபடுவது போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தை. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக மாட்டாமல் பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் இந்தப் பயம் இல்லை. கொழுந்துக்குப் போகிற தாய்க்கு அது லேசில்லைதான். ஆனால் பால் கொடுக்கச் சட்டம் நேரம் தந்திருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கேன். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மருந்து வந்த கேன் கெட்டியானது, சும்மா கிடைக்கிறது. சோப் போட்டு ஏழு தரம் கழுவினோம், மணமே இல்லை என்பார்கள். மணம் போகும். பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து போகாது, கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். கிளைபோசேற்றை 2015ல் தடை செய்தார்கள். 2018ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள். 2022ல் தடையையே எடுத்துவிட்டார்கள். சட்டம் போய் வந்தாலும் லயத்தில் கேன் அதே இடத்தில்தான் கிடக்கிறது.

ஊற்றுக்கு மேலே ஒரு துண்டு மலையை உரமும் மருந்தும் படாமல் விடும்படி துரையிடம் கேட்கப் போகிறோம். கொழுந்து குறையும் என்பார்கள். அதனால் தலைவர்மாரும் கூட வர வேண்டும். தண்ணீரைச் சோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் எழுதிக் கேட்போம். மருந்து அடிக்கிற தம்பிமார், டாங்கியைப் பீலியில் கழுவாதீங்க.

வீட்டில் உள்ள மருந்துக் கேன்களைச் சம்பளத்தன்று ஸ்டோரில் கொடுத்துவிடுங்கள். எப்படி வீட்டுக்கு வந்தது என்று ஒருவரையும் கேட்க மாட்டோம்.